இளையவர் பிழைத்திருந்ததாகக் கொள்க

1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 21ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் இறந்துபோய், அவர்களில் யார் முந்தி, யார் பிந்தி என்று நிச்சயிக்க முடியாத நிலைமை ஏற்பட்டால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, மூத்தவருக்குப் பின்னும் இளையவர் உயிரோடிருந்ததாகக் கொள்ளவேண்டும் என்கிறது அது. இங்கிலாந்தின் 1925ஆம் வருஷத்துச் சொத்துச் சட்டத்திலும் இதே மாதிரி ஒரு விதி உண்டு. சொத்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்ற கணக்குக்காக மட்டும் ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆனால் ஒரு கப்பலோடு இரண்டு சகோதரிகள் மூழ்கிப்போனார்கள் என்று வைத்துக்கொண்டு இந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள். சட்டம் அங்கே கதை எழுத ஆரம்பித்துவிடுகிறது. யாரும் பார்க்காத, யாரும் பார்த்திருக்க முடியாத சில நிமிஷங்களை, இருட்டில், தண்ணீருக்குள், தங்கைக்கு ஒதுக்கிக் கொடுக்கிறது. அந்த நிமிஷங்களில் அக்காவின் உடைமை தங்கைக்கு வந்து சேர்ந்துவிடக்கூடும். மறு நிமிஷம் அவளும் இல்லை.

வங்கியில் இறந்தவர்களின் கணக்கைப் பைசல் செய்யும் மேஜையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தப் பிரிவு ஒரு நடைமுறை விஷயம். சரித்திர நாவல்களைப் படிக்கிறவனுக்கு அது வேறொரு பிரச்னை. நிஜமாக வாழ்ந்து, நிஜமாகச் செத்த மனிதர்களின் கடைசி நிமிஷங்களை இட்டு நிரப்ப எழுத்தாளனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒருவர் எழுதிக்கொடுத்த முகவர் பத்திரம்கூட அவர் இறந்த க்ஷணத்தில் சாதாரணமாகச் செல்லாமல் போகிறது. நாவலாசிரியனின் அதிகாரமோ அந்த க்ஷணத்தில்தான் ஆரம்பமாகிறது. சட்டத்துக்காவது ஒரு நாணயம் இருக்கிறது. 'கொள்க' என்று சொல்லிவிட்டுத்தான் அது புனைகிறது. இது நடந்தது என்று அது சாதிப்பதில்லை. நாவல் அந்த வார்த்தையை முழுங்கிவிடுகிறது.

ஆங்கிலத்தில் மூழ்கும் கப்பல் நாவல்கள் ஏராளம். அவற்றிலும் டைட்டானிக் தனி ஜாதி. அந்த ஜாதிக்குள் சகோதரிகள் ஒரு உட்பிரிவு. இரண்டு பேர் ஏறுவார்கள். ஒருத்தி அடக்கமானவள், மற்றவள் துடுக்கு. ஒருத்திக்கு ஊரில் விட்டுவந்த காதல், மற்றவளுக்குக் கப்பலிலேயே கிடைக்கும் காதல். படகில் ஒரு இடம்தான் இருக்கும். யார் பிழைப்பாள் என்பது முன்னூறு பக்கத்துக்கு நீளும். இதைத் திட்டுவதற்கு நான் இதை எழுதவில்லை. ரயிலில் படிக்க ஏற்றது. தாம்பரத்திலிருந்து பீச் போய்ச் சேர்வதற்குள் ஒரு படகையாவது இறக்கிவிடலாம். ஆனால் ஏன் சகோதரிகள் என்ற கேள்வியை அந்த நாவல்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வதில்லை.

தமிழில் இந்தக் கேள்வி வேறு மாதிரி எழும். காரணம் நம் பாஷையிலேயே இருக்கிறது. 'சகோதரிகள்' என்பது நமக்கு மேடைச் சொல். 'உடன்பிறந்தாள்' என்று ஒரு சொல் உண்டு, அதை வைத்து யாரையும் கூப்பிட முடியாது. வாயைத் திறந்து கூப்பிடவேண்டும் என்றால் அக்கா என்றோ, பெயரைச் சொல்லியோதான் கூப்பிடவேண்டும். அதாவது யார் மூத்தவள் என்று தீர்மானிக்காமல் தமிழில் இரண்டு சகோதரிகளைப் பற்றி ஒரு வாக்கியம்கூட உருப்படியாக எழுத முடியாது. மூத்தவள் என்று தீர்மானித்த உடனேயே ஒரு தர்மமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது: அக்கா இன்னொரு அம்மா, அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆங்கில நாவலாசிரியை முன்னூறு பக்கம் செலவழித்துக் கட்டவேண்டிய தார்மீக நெருக்கடி தமிழ் எழுத்தாளனுக்கு மூன்று எழுத்துச் சொல்லில் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. இலவசமாகக் கிடைப்பதால்தான் அது இவ்வளவு மலிந்தும் போயிற்று. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் தங்கைக்காகக் கல்யாணத்தை விட்ட அக்காக்களை ஒரு கப்பலில் ஏற்றினால் கப்பல் பனிப்பாறையில் மோதாமலேயே மூழ்கிவிடும்.

இனி நிஜமான சகோதரிகளுக்கு வருகிறேன். டைட்டானிக்கில் நம் பக்கத்திலிருந்து போன இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள். அப்போதைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில் அமெரிக்க லூதரன் மிஷனில் பணியாற்றிய ஆலன் பெக்கர் என்ற பாதிரியாரின் மகள்கள். மூத்தவள் ரூத், 1899 அக்டோபரில் குண்டூரிலேயே பிறந்தவள். இளையவள் மேரியன், நாலு வயசு. இவர்களுக்குப் பிறகு ரிச்சர்ட் என்ற கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, அமெரிக்கா போனால்தான் பிழைக்கும் என்ற நிலைமை. தகப்பனார் குண்டூரில் தங்கிவிட, தாய் நெல்லி மூன்று பிள்ளைகளோடு 1912 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி லண்டன் போய், அங்கிருந்து சவுதாம்ப்டனில் டைட்டானிக்கில் இரண்டாம் வகுப்பில் ஏறினாள்.

ஏப்ரல் 14ஆம் தேதி இரவு நடந்தது பற்றி ரூத் பிற்காலத்தில் சொன்னவை பதிவாகியிருக்கின்றன. மேல்தளத்துக்கு வந்த பிறகு, குளிருகிறதே, கீழே அறைக்குப் போய்ப் போர்வைகளை எடுத்துவா என்று தாய் அவளை அனுப்பினாள். பன்னிரண்டு வயசுப் பெண் மூழ்கிக்கொண்டிருந்த கப்பலில் கீழே இறங்கிப் போய், போர்வைகளோடு மேலே வந்தாள். 11ஆம் படகில் சின்னதுகள் இரண்டையும் தூக்கிப் போட்ட ஆட்கள், படகு நிறைந்துவிட்டது என்றார்கள். என் குழந்தைகள் என்று தாய் கதறியதும் அவளையும் ஏற்றினார்கள். ரூத்தை ஏற்றவில்லை. வேறு படகில் ஏறிக்கொள் என்று தாய் கத்தினாள். ரூத் 13ஆம் படகண்டை போய், நான் ஏறலாமா என்று கேட்டாள். ஒருவன் அவளைத் தூக்கி உள்ளே வைத்தான். அவ்வளவுதான்.

இங்கே நான் சற்று நிற்க விரும்புகிறேன். இதில் தியாகம் எங்கே இருக்கிறது? அக்கா விட்டுக்கொடுக்கவில்லை, அவளை யாரும் கேட்கவே இல்லை. தாய் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து மற்றவளைக் கைவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. குழந்தைகளைத் தூக்கிப்போட்டவனின் கைக்கு எட்டிய உயரத்தில் இரண்டு குழந்தைகள் இருந்தன, மூன்றாவது கொஞ்சம் பெரிசு. ஒரு படகு நிறைந்தது, அடுத்தது காத்திருந்தது. ஆனால் இதை நாவலாக எழுத உட்கார்ந்தால் எந்த எழுத்தாளனின் கையும் சும்மா இருக்காது. அந்த இடத்தில் ஒரு பார்வைப் பரிமாற்றம் வரும். தங்கையின் கையை அக்கா விடுவிப்பாள். நடந்ததற்கு ஒரு சித்தம் கற்பிக்கப்படும். சரித்திரக் கதையின் ஆதாரமான பொய் தேதிப் பிசகோ உடைப் பிசகோ அல்ல, இதுதான் என்று எனக்குப் படுகிறது. நேர்ந்ததைச் செய்ததாக மாற்றுவது.

இன்னொரு பொய், கண்ணுக்குத் தெரியாத பொய், எண்ணிக்கையில் இருக்கிறது. மெர்ஸி பிரபுவின் தலைமையில் நடந்த பிரிட்டிஷ் விசாரணை தரும் கணக்கில் முதல் வகுப்புப் பெண்கள் 144 பேரில் 140 பேர் பிழைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் 93க்கு 80. மூன்றாம் வகுப்பில் 165க்கு 76. குழந்தைகளில் இரண்டாம் வகுப்பின் 24 பேரும் பிழைத்தார்கள், ரூத்தும் மேரியனும் பயணம் செய்த வகுப்பு அது. மூன்றாம் வகுப்பில் 79 குழந்தைகளில் 27தான் கரை சேர்ந்தன. பீட்டர்பரோவிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்த சேஜ் என்ற குடும்பம் மூன்றாம் வகுப்பில் இருந்தது. தாய் தகப்பன், ஒன்பது பிள்ளைகள். பதினொரு பேரும் இறந்தார்கள். அவர்களிலும் அக்கா தங்கைகள் உண்டு. யாருக்கு முன் யார் என்று அங்கே 21ஆவது பிரிவைத்தான் கேட்கவேண்டும். படகில் ஒரே ஒரு இடம் என்ற நாவல் கணக்கு இவர்களைப் பொறுத்தவரை ஒரு ஆடம்பரம். ஒரு இடம் கூட இல்லாதவர்களுக்கு நெருக்கடி ஏது? அதே இரவில் 40 பேர் போகக்கூடிய முதலாம் படகு 12 பேரோடு இறங்கிப்போனது. அதில் இருந்தவர்களில் ஒருத்தி லூசி டஃப் கார்டன், ஆடை வடிவமைப்பில் பேர்போனவள். அவளுடைய தங்கை எலினார் க்ளின் காதல் நாவல்கள் எழுதிப் பிரசித்தமானவள். நாவலாசிரியை கப்பலில் ஏறவில்லை. ஏறியிருந்தால் ஒரு அத்தியாயம் கிடைத்திருக்கும்.

வாசகனுக்கு முடிவு தெரியும் என்பது இத்தகைய கதைகளின் மூலதனம். கப்பல் மூழ்கும் என்று நமக்குத் தெரியும், அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அவள் காபி கோப்பையை வைக்கிறாள், நமக்குப் பதைக்கிறது. காபிக்கு அந்தப் பதைப்பைச் சம்பாதிக்கும் யோக்யதை எதுவும் இல்லை, அதை வைத்த கைக்கு இன்னும் மூன்று நாள் ஆயுசு என்பதைத் தவிர. கடவுளின் நாற்காலியில் நம்மை உட்கார வைத்து, கடவுளுக்கு இருக்கவேண்டிய பொறுப்பு எதையும் கொடுக்காமல் விடுகிற ஏற்பாடு இது. தாமஸ் ஹார்டி 1912 மே மாதத்திலேயே நடந்த, நிவாரண நிதிக்கான ஒரு கலை நிகழ்ச்சிக்காக, அந்தக் கப்பலைப் பற்றி எழுதின கவிதை புகழ்பெற்றது. கப்பலும் பனிப்பாறையும் ஒன்றுக்கொன்று விதிக்கப்பட்ட ஜோடி என்கிற மாதிரி போகும். மிக நேர்த்தியான கவிதை. அதில் மனிதர்கள் கிட்டத்தட்ட இல்லை. ஹார்டிக்குக் கப்பல் போதுமானதாக இருந்தது. கப்பலை உருவகமாக்கிவிட்டால் பயணிகள் அந்த உருவகத்தின் சிப்பந்திகளாகிவிடுகிறார்கள்.

அதற்கு முப்பத்தாறு வருஷம் முன்னால், 1875 டிசம்பரில், தேம்ஸ் நதி முகத்துவாரத்துக்கு வெளியே டாய்ச்லாந்து என்ற கப்பல் மணல் திட்டில் மாட்டி உடைந்தது. பிரஷ்யாவின் சட்டங்களால் துரத்தப்பட்ட ஐந்து கன்னிகாஸ்திரீகள் அதில் இறந்துபோனார்கள். சகோதரிகள்தான், வேறொரு அர்த்தத்தில். ஹாப்கின்ஸ் ஏழு வருஷம் கவிதை எழுதாமலிருந்தவர், அவர்களைப் பற்றி நீண்ட கவிதை ஒன்று எழுதினார். அவர் சார்ந்த சபையின் பத்திரிகையே அதைப் போட மறுத்துவிட்டது. 1918இல்தான், அவர் இறந்து வெகுகாலம் கழித்து, அச்சேறியது. அந்தக் கவிதையில் ஹாப்கின்ஸ் செய்த ஒரு காரியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்களில் உயரமான ஒருத்தி சாகும் தறுவாயில் கூவியது என்ன அர்த்தத்தில் என்று அவர் நின்று யோசிக்கிறார். இதுவா, அதுவா என்று தடுமாறுகிறார். முடிவில் அவருக்கு ஒரு பதில் இருக்கிறது, அது அவர் மதத்தின் பதில், அதை நான் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் கேட்டுவிட்டு வந்த பதில் அது. அவள் தலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு சொன்ன பதில் அல்ல.

நம்மிடத்திலும் இதற்கு நெருங்கின ஒரு நிலைமை மணிமேகலையில் இருக்கிறது. சாதுவன் போன கப்பல் உடைந்தது. தப்பிவந்தவர்கள் அவனும் செத்தான் என்று புகாரில் வந்து சொன்னார்கள். ஆதிரை தீயில் இறங்கினாள், தீ சுடவில்லை. செய்தி தப்பு என்று தீக்குத் தெரிந்திருந்தது. தீயின் பிரக்ஞை என்று இதைச் சொல்லலாமா? எப்படியானாலும் மனைவிக்கு ஒரு விதி இருந்தது. செய்தி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கப்பல் உடைந்த செய்தி வந்தால் அக்கா என்ன செய்யவேண்டும், தங்கை என்ன செய்யவேண்டும் என்று எந்த நூலும் சொன்னதாகத் தெரியவில்லை. அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விதியற்ற உறவு என்பதனாலேயே நவீன எழுத்துக்கு உகந்த உறவு இது என்று ஒரு எண்ணம் எனக்கு.

2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு விட்டார்கள். ஏரிகள் நிறைந்து, அடையாறு புரண்டு, தரைத்தளங்கள் போய்விட்டன. பீர்க்கன்கரணையில் எங்கள் தெரு மேடு என்பதால் எங்களுக்குக் கணுக்காலோடு போயிற்று. முடிச்சூரில் தரைத்தளத்தில் இருந்த இரண்டு வயோதிகப் பெண்கள், அக்கா தங்கை, எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவர்கள். பாஸ்புத்தகம் நனைந்து கூழாகிவிட்டது என்று புதுசு வாங்க இருவரும் சேர்ந்து வந்தார்கள். முதல் படகில் தங்கை போனாள், அக்காவுக்கு இடமில்லை, அடுத்த படகு வர நாலு மணி நேரம் ஆயிற்று. "அக்காதான் நீ போடின்னு என்னைத் தள்ளிவிட்டா சார்" என்றாள் தங்கை. அக்கா பாஸ்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நான் எங்கடி சொன்னேன்? நீ கதவுகிட்ட நின்னே, உன்னைத் தூக்கிட்டுப் போனாங்க" என்றாள். அதன்பிறகு அவர்கள் வரும்போதெல்லாம் இந்தச் சம்பாஷணை ஏதாவது ஒரு ரூபத்தில் நடக்கும். தங்கை கதையை விடுவதில்லை, அக்கா அதை ஒப்புக்கொள்வதில்லை.

வெகுநாள் வரை அக்காவின் கட்சியில்தான் நான் இருந்தேன். மேலே ரூத் விஷயத்தில் நான் சொன்னதும் அந்தக் கட்சிதான்: நேர்ந்ததை நேர்ந்ததாகவே விடு. ஆனால் தங்கையின் பொய்யை அத்தனை லேசாகத் தள்ளிவிட முடியுமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கதவருகில் நின்றதால் மட்டும் பிழைத்தவள், அந்த நாலு மணி நேரத்துக்கு யாருக்குக் கடன்பட்டிருக்கிறாள்? கதவுக்கா? படகோட்டிக்கா? கடனை யாரிடமாவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அதற்கு யாராவது கொடுத்திருக்க வேண்டும். எனவே அக்கா கொடுத்ததாகக் கொள்கிறாள். அவள் புனைவது வட்டி கட்டுகிற மாதிரி. நாவலாசிரியன் புனைவதோ பெரும்பாலும் பிறத்தியார் கணக்கிலிருந்து எடுத்துச் செலவழிக்கிற மாதிரி. இரண்டும் புனைவுதான், பேரேட்டில் வேறு வேறு பக்கத்தில் வருபவை. பிழைத்தவன் சொல்லும் பொய்க்கும், கரையில் நின்றவன் சொல்லும் பொய்க்கும் ஒரே விமர்சன அளவுகோலை வைத்துக்கொண்டு நாம் இத்தனை நாள் பேசிவந்திருக்கிறோம்.

அந்த இரண்டு பேரின் கணக்கு, வங்கிப் பாஷையில், 'எய்தர் ஆர் சர்வைவர்'. இருவரில் ஒருவர், அல்லது உயிரோடிருப்பவர். எத்தனையோ அக்கா தங்கைகள், புருஷன் பெண்சாதிகள் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் போய் ஒருவர் இருப்பார் என்பது அந்தப் படிவத்துக்குத் தெரியும். எவர் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள அது முயல்வதும் இல்லை. 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்று இன்னொரு வகையும் உண்டு, முதல் பெயர் இருக்கும்வரை இரண்டாம் பெயருக்கு அதிகாரம் இல்லை. அக்காக்கள் சிலர் இதை விரும்புவார்கள். மூழ்கும் கப்பலைப் பற்றி நாவல் எழுதுகிறவனுக்கு இருக்கத்தக்க ஞானம் இந்தப் படிவத்தின் ஞானம் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதும்போது எவர் என்று தெரியாதவன்போல அவன் பாவனை செய்தால் போதாது. அந்தத் தெரியாமை வாக்கியத்துக்குள் இருக்கவேண்டும். காபிக் கோப்பை காபிக் கோப்பையாகவே இருக்கவேண்டும். அசோகமித்திரனின் 18வது அட்சக்கோட்டில் சந்திரசேகரன் கிரிக்கெட் மட்டையும் சைக்கிளுமாகத் திரிகிறபோது ஹைதராபாத் சமஸ்தானத்தின் முடிவு அவன் மூக்குக்கு எதிரில் இருக்கிறது. ஆனால் அந்த முடிவின் வெளிச்சத்தை ஆசிரியர் அந்த மட்டையின்மேல் அடிப்பதில்லை. தமிழில் இது செய்யப்பட்டிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். கடலில்தான் செய்யப்படவில்லை.

கடலில் செய்ய வேண்டிய அளவுக்கு நமக்குச் சாவுகள் இல்லாமல் இல்லை. 1864 பிப்ரவரியில் தமிழ்க் கூலிகளை ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் போன ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கி 120 பேர் இறந்ததாக மலையக வரலாற்றெழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. எண்தான் வருகிறது, பெயர்கள் வருவதில்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் எடுத்துக்கொண்டது. அதில் போனவர்கள் நூற்றுக்கு மேல். டிக்கெட் வாங்கினவர்களை எண்ணலாம், வாங்காமல் ஏறினவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடின ரஜூலாவின் திறந்த தளத்தில் பாய் விரித்துப் போன ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனையோ அக்கா தங்கைகள். அந்தக் கப்பல் மூழ்கவில்லை, 1970களில் உடைக்கப்பட்டது. மூழ்காததால்தானோ என்னவோ அதைப் பற்றிய கதைகளும் நம்மிடம் சொற்பம். ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியை விட்டுவிட்டால், நம் நாவல்களில் கடல் என்பது ராஜகுமாரர்கள் விழுந்து எழும் இடம்.

இருந்தும் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது குண்டூர்ப் பெண்களிடம். ரூத் ஆசிரியையாக வேலை பார்த்தாள். அவளுடைய பிள்ளைகளுக்கே சிறு வயதில் அவள் அந்தக் கப்பலில் இருந்தது தெரியாது. வயோதிகத்தில்தான் பேச ஆரம்பித்தாள். 1990இல், தொண்ணூறு வயசில், இறந்தாள். அவள் விருப்பப்படி அஸ்தியைக் கப்பல் மூழ்கிய இடத்தில் கரைத்தார்கள். அவள் சொன்னவை இருக்கின்றன, எனவே அவளை நாவலாசிரியர்களிடமிருந்து ஓரளவு காப்பாற்றிவிடலாம். மேரியன் 1944இல் இறந்துவிட்டாள். வால்டர் லார்ட் தப்பியவர்களைத் தேடிப்பிடித்து எழுதின புத்தகம் 1955இல் வருகிறது. இளையவர் பிழைத்திருந்ததாகக் கொள்க என்ற விதியை இந்த இருவர் விஷயத்தில் வாழ்க்கை நாற்பத்தாறு வருஷ வித்தியாசத்தில் பொய்யாக்கியிருக்கிறது.

தமிழில் யாராவது எழுதத்தான் போகிறார்கள் என்றால் மேரியனை எழுதட்டும். சொல்லாமல் போனவள் அவள். நாலு வயசில் குண்டூர் வெயிலிலிருந்து கிளம்பி, சில வாரங்களுக்குள் வட அட்லாண்டிக்கின் நடுவில் 11ஆம் படகில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா இருக்கிறாள், தம்பி இருக்கிறான். கப்பலின் விளக்குகள் இன்னும் எரிகின்றன. அக்கா எங்கே என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்காமல் தூங்கியுமிருக்கலாம். அக்கா 13ஆம் படகில். அவள் படகு இறங்கினபோது 15ஆம் படகு அதன் தலைமேலேயே இறங்கப் பார்த்து, மயிரிழையில் தப்பிற்று. குழந்தை வேறு படகில் போய்விட்டதென்று ஜெர்மன் பாஷையில் அழுதுகொண்டிருந்த ஒரு தாய்க்கு அவள் ஆறுதல் சொன்னாள். கரி தள்ளும் ஆட்கள், உலைக்கு முன் நின்ற அதே மெல்லிய உடுப்போடு, அந்தப் படகில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கைக்கென்று கீழே போய் எடுத்துவந்த போர்வைகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.